மில்லிலிருந்து வைரக்கண்ணு வீடு வரை

11-09-1987 – பழைய டிராக்டர் வாங்கியது – ரூ. 58,000
02-02-1994 – கடன் கடைசித் தவணை கட்டியது – ரூ. 1,150
23-05-2001 – எஞ்சின் இறக்கி வேலை பார்த்தது – ரூ. 21,400
17-11-2017 – மில் வளாகத்தில் நிறுத்தியது – வாடகை இல்லை
08-06-2023 – பழைய இரும்புக்காரர் கேட்ட விலை – ரூ. 52,000
25-06-2023 – இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் வளையம் பற்றவைத்தது – ரூ. 1,350
27-06-2023 – இழுவைக் கூலி – பகலவன் வாங்கவில்லை

இவை ஒரு டிராக்டரைப் பற்றிய தேதிகளும் தொகைகளும். அதன் சொந்தக்காரர் வைரக்கண்ணு. பாபநாசத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் காதர் மைதீன் ராவுத்தர் நடத்திய அரிசி மில்லில் நான் நாற்பத்தோரு வருடம் கணக்கு எழுதினேன். மேலே உள்ளவற்றில் சில மில் கணக்கிலிருந்து எடுத்தவை. மற்றவை வைரக்கண்ணு தம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த ரசீதுகளிலிருந்து எடுத்தவை. இனி எழுதப்போவதில் பெரும்பகுதிக்கு ரசீது கிடையாது. பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வைரக்கண்ணு 1952இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பண்ணை வேலை செய்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் ராவுத்தரின் டிராக்டரில் எடுபிடியாகச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் டிரைவரானார். மில் வண்டியை ஓட்டிக்கொண்டே பணம் சேர்த்தார். மீதிக்குக் கடன் வாங்கி, திருவாரூர்ப் பக்கம் ஒருவர் விற்ற பழைய வண்டியைச் சொந்தமாக்கிக்கொண்டார். அவர் தெருவில் டிராக்டர் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருடைய அப்பா கொல்லைப்புறமாக வந்து நின்று கூலி வாங்கிய வீடுகளிலிருந்து, "வைரக்கண்ணு, நமக்கு என்னைக்கு வர்றீங்க?" என்று தேடிவந்து நாள் கேட்டார்கள். அதைப் பற்றி அவர் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வரிசைப்படி நாள் கொடுப்பார். வரிசையை யாருக்காகவும் மாற்றமாட்டார்.

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, பின்சக்கரத்தில் இரும்புக் கூண்டு மாட்டிச் சேறாக உழுவார்கள். அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். வரப்பு வரைக்கும் வந்து, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிரேக்கில் பிடித்து, நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவார். டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு இருக்கும். இரண்டும் வலது காலுக்கு அருகே பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று இடது சக்கரத்துக்கு, இன்னொன்று வலது சக்கரத்துக்கு. ரோட்டில் போகும்போது இரண்டையும் ஒரு சிறிய இரும்புப் பட்டையால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். வயலில் இறங்கும்போது பிரிக்க வேண்டும். எங்கள் பக்கத்து டிரைவர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டையைச் சேர்ப்பதில்லை. வருடத்தில் பெரும்பாலும் சேற்றில்தானே வேலை என்று இருந்துவிடுவார்கள். வைரக்கண்ணு இன்னும் ஒரு படி மேலே போனார். சேறு அடைத்துக்கொள்கிறது என்று பட்டையைக் கழற்றியே போட்டுவிட்டார். ரோட்டில் தம் வலது பாதத்தைக் குறுக்காக வைத்து இரண்டு மிதியையும் சேர்த்து மிதிப்பார். அகலமான பாதம். முப்பது வருடம் அது போதுமானதாக இருந்தது.

சைலன்சர் ஓட்டையாகிப் போன வண்டியில் பல வருடம் ஓட்டியதில் காது போய்விட்டது. முகத்துக்கு நேரே நின்று சத்தமாகப் பேசினால் புரிந்துகொள்வார். போனில் பேசினால் ஒன்றும் கேட்காது. மனைவி தங்கம்மாள் 2016இல் இறந்தார். ஒரே மகள் மதிவதனி ஓசூரில் பள்ளி ஆசிரியை. தங்கம்மாள் இருந்தவரை போன் அவர் கையில் இருந்தது. மகள் சொன்னதைக் கணவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு மதிவதனி எனக்குப் போன் செய்வாள். நான் போய்ச் சொல்வேன். ஒரு மகள் அப்பாவிடம் பேசுவதை இன்னொருவர் வாயால் சொல்லும்போது பாதிதான் போய்ச் சேர்கிறது. கோபத்தைச் சொல்லிவிடலாம். மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

2017இல் எஞ்சின் இறுகி வண்டி நின்றுபோனது. அது நின்றது மில்லுக்கு நெல் ஏற்றி வந்த இடத்தில். ராவுத்தர், "கெடக்கட்டும் வைரக்கண்ணு, எடம் என்ன சோறா கேக்குது?" என்றார். அங்கேயே கொட்டகை ஓரமாகத் தள்ளி வைத்தோம். அன்று முதல் வைரக்கண்ணு தினமும் காலையில் டீக் கடையிலிருந்து நேராக மில்லுக்கு வருவார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். இணைப்புகளில் எண்ணெய் விடுவார். பிரேக் மிதிகளை அழுத்தி விடுவார். துரு பிடித்து இறுகிவிடக் கூடாது என்பார். பிறகு சீட்டில் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு மில்லும் நின்றுபோய், நானும் கணக்கு எழுத ஒன்றுமில்லாமல் பழைய ஆபீஸ் அறையில் குடியிருந்தேன். அந்த வளாகத்தில் காலையில் மனித நடமாட்டம் என்றால் அது அவர்தான்.

ராவுத்தர் காலமான பிறகு மகன் ஜாஃபர் சாதிக் இடத்தை விலை பேசினார். 2023 ஜூன் மாதம் இரும்புக்காரரைக் கூட்டிவந்து பழைய இயந்திரங்களைக் காட்டினார். போகும்போது என்னிடம் வந்தார்.

"கணக்கர் மாமா, பெருநாள் முடிஞ்சு முப்பதாம் தேதி பத்திரம். அதுக்குள்ள எடம் காலியாகணும். வைரக்கண்ணு அண்ணன் வண்டிக்கும் சேத்து இரும்புக்காரரு வெல சொல்லிட்டாரு. நீங்க அவருகிட்ட பேசிடுங்க."

"நீங்களே பேசலாமே தம்பி."

"அவருக்குக் காது கேக்காது, எனக்குக் கத்த வராது. ஊரே என்னமோ நான் சண்ட போடுறேன்னு நெனைக்கும்."

மறுநாள் காலை சொன்னேன். வைரக்கண்ணு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இரும்பு வெலைக்கா?"

"ஆமா."

"வெட்டித்தான் எடுத்துட்டுப் போவாங்க?"

"ஆமா."

"வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். பாபநாசத்து மெக்கானிக் பாத்துட்டுச் சொன்னாரு, வீட்டுல நின்னா வந்து எஞ்சின எறக்கிப் பாக்குறேன்னு. சம்பாவுக்கு ஓடும்."

அன்று மாலை மதிவதனி போன் செய்தாள். அவள் பல வருடமாக அப்பாவை ஓசூருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வைரக்கண்ணு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் உண்டு; மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். அவள் கவலையில் தப்பில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, அந்த வண்டியச் சொல்லித்தான் இத்தன வருசம் வரமாட்டேன்னாரு. அது போயிடுச்சுன்னா அப்பறம் எதுக்கு அங்க இருக்கணும்னு கேளுங்க. நான் கேட்டேன்னே சொல்லுங்க."

போனை அணைக்காமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். முகத்துக்கு நேரே நின்று அப்படியே சொன்னேன். அவர் வடித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை நிமிர்த்தினார்.

"சரிதான் அவ சொல்றது. வண்டி வீடு வந்து சேந்துட்டா நான் இங்கதான். வரலைன்னா அவ சொன்னபடி ஓசூருக்கு வந்துடறேன். இதுக்கு மேல பேச்சு கெடையாதுன்னு சொல்லுங்க."

அவருடைய குரல் சத்தமானது. நான் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுமுனையில் மதிவதனி, "கேட்டுச்சு மாமா" என்றாள்.

மில்லிலிருந்து அவர் வீடு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தார் ரோடு, நடுவில் வாய்க்கால் பாலம், பாலம் இறங்கியதும் இடது கைப்பக்கம் அவர் தெரு. சாதாரண நாளில் ஒரு பொருட்டில்லை. ஆனால் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்குச் சேற்றுழவு நடக்கும் நேரம். ஊரிலுள்ள எல்லா டிராக்டருக்கும் கூண்டுச் சக்கரம் மாட்டியிருந்தது. அதோடு தார் ரோட்டில் ஏற முடியாது. ஒரு டிரைவரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, சக்கரம் கழற்றி மாட்டி, செத்த வண்டியை இழுக்க வரமாட்டான். வைரக்கண்ணு வீடு வீடாகக் கேட்டார். எல்லோரும், "பெருநாள் கழிச்சுப் பாப்போம் பெரியப்பா" என்றார்கள். அவர் அந்த ஊரில் எத்தனை பேருடைய வயலைக் காத்திருந்து உழுது கொடுத்தவர் என்று எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லிக் கேட்கவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டவன் பகலவன். முப்பத்திரண்டு வயது, புது வண்டி. கூண்டில் ஒரு கம்பி விட்டுப்போய், செவ்வாய்க்கிழமை பற்றவைக்கக் கழற்றப்போகிறான். அன்று மத்தியானம் ரப்பர் டயரோடு வருகிறேன் என்றான்.

"பெரியப்பா, கயிறு வச்சிருக்கேன். ஒரு முடிச்சப் போட்டா பத்து நிமிசத்துல வீடு."

"கயித்துல எருமையக் கட்டு" என்றார் வைரக்கண்ணு. "எறக்கத்துல பின்னாடி வர்ற வண்டி உன்மேல வந்து ஏறும். கம்பிதான் வேணும்."

அதற்காகத்தான் மேலே எழுதிய இரும்புக் குழாய். அவர் அந்த இரண்டு நாளில் செய்தவற்றை நான் கூட இருந்து பார்த்தேன். காற்று இறங்கிக் கிடந்த டயர்களுக்குக் காற்று அடித்து, ஒரு இரவு வைத்து, இறங்குகிறதா என்று பார்த்தார். கியரை நியூட்ரலில் தள்ளி, இருவருமாக வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தோம். பிரேக்கை ஒவ்வொரு பக்கமாகப் போட்டுப் பார்த்தார், இரண்டும் பிடித்தன. பகலவன் வந்ததும் கம்பியை அவன் வண்டியில் எங்கே மாட்டுவது என்று அவரே குனிந்து காட்டினார். தாழ்வாக, பின்னால் உள்ள இழுவைக் கட்டையில். உயரத்தில் மாட்டினால் இழுக்கிற வண்டி முன்சக்கரத்தைத் தூக்கி டிரைவர் மேலேயே கவிழும் என்றார். பழைய வண்டியின் பின்னால் சிவப்புத் துணி கட்டினார்.

"ஊர்வலமா பெரியப்பா? மேளம் சொல்லவா?"

"முன்னாடி பாத்து ஓட்டு. நடக்குற வேகம்தான். கம்பிப் பக்கம் ஒருத்தனும் வரக் கூடாது."

எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பகலவனால் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்க முடியாது. வைரக்கண்ணுவுக்குக் காது கேட்காது. இரண்டு பேருக்கும் தெரியும்படி நான் ரோட்டின் ஓரமாக, இரண்டு வண்டிக்கும் நடுவில், தள்ளி நடக்க வேண்டும். குடையை மேலே தூக்கினால் இருவரும் நிறுத்த வேண்டும்.

"கணக்கரே, குடைய வெயிலுக்குப் பிடிச்சிடாதீங்க. நின்னுடுவோம்."

மத்தியான வெயிலில் மடக்கிய குடையோடு நடந்தேன். மில் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் திரும்பியபோது பழைய வண்டி ஒழுங்காகப் பின்னால் வந்தது. வைரக்கண்ணு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக அசையாமல் நின்ற வண்டியின்மீது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அன்று வேறு ஆள் மாதிரி இருந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "வைரக்கண்ணு அண்ணே, டிக்கெட் எவ்வளவு?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினார்.

பாலத்துக்கு ஏறும்போது பகலவன் வண்டி புகை கக்கி இழுத்தது. உச்சியில் ஏறியாயிற்று. இறக்கத்தில்தான் பின்வண்டி தன் பாரத்தில் முன்வண்டியைத் தள்ளும். அங்கே பிரேக்கை மெதுவாகப் பிடித்து வர வேண்டும் என்று அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். பிடித்தார். பிடித்ததும் பழைய வண்டியின் முன்பக்கம் வலது பக்கமாகத் திரும்பியது. நேராக இருந்த கம்பி மடங்கிய முழங்கை மாதிரிக் கோணிக்கொண்டது. அவர் ஸ்டியரிங்கை இடதுபுறம் ஒடித்தார். அப்படியும் வண்டி வலப்பக்கம்தான் போனது. பாலத்துச் சுவர் முடிந்த இடம். அதற்கப்பால் கரை, கரைக்குக் கீழே நிறையப் போய்க்கொண்டிருந்த புதுத் தண்ணீர்.

குடையைத் தூக்கினேன். கத்தினேன் என்றும் பகலவன் பிறகு சொன்னான். அவன் கண்ணாடியில் குடையைப் பார்த்து நிறுத்தியபோது, பழைய வண்டியின் வலது முன்சக்கரம் கரை விளிம்பைத் தாண்டி ஆகாயத்தில் நின்றது. மற்ற மூன்று சக்கரமும் மேலே இருந்தன. கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. கயிறாக இருந்தால் வண்டியும் அவரும் தண்ணீரில்தான்.

பகலவன் கல்லை எடுத்துப் பின்சக்கரங்களுக்கு அண்டக் கொடுத்தான். "எறங்குங்க பெரியப்பா" என்று கையைக் காட்டினான்.

அவர் இறங்கவில்லை. "பிரேக்கப் புடிச்சேன்டா. ரெண்டையும் சேத்துத்தான் புடிச்சேன்" என்றார். "எடப் பக்கம் அறுந்துபோச்சா பாரு."

நான் அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து பார்த்தேன். அறுந்துபோகவில்லை. இடது மிதி மேலே அப்படியே நின்றது. வலது மிதி மட்டும் அடிவரை போயிருந்தது. அவர் பாதம் அதன்மேல் மட்டும் இருந்தது. வெறும் பாதம். பெருவிரல் நகத்தோரம் கிழிந்து ரத்தம் மிதி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"செருப்பு எங்க?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் காலைக் காட்டி மறுபடி கேட்டேன்.

"கால்லதான் கெடக்கு" என்றார், கீழே பார்க்காமல்.

பகலவன் திரும்பி ரோட்டைப் பார்த்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், ஒரு ரப்பர் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அவரிடம் நீட்டினான். அப்போதுதான் வைரக்கண்ணு குனிந்து தம் காலைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கால் அங்கே வந்து கிடப்பதைப் போலப் பார்த்தார். கையால் பெருவிரலைத் தொட்டார். அழுத்தினார். பிறகு நகத்தை வைத்து அழுத்தினார்.

"எப்பலேருந்து இப்படி மரத்துக் கெடக்கு பெரியப்பா?" என்றான் பகலவன். அவருக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பக் கேட்கவுமில்லை.

கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மினிபஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்னப்பா, வாய்க்கால்ல குளிப்பாட்டவா கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். பகலவன், "நீ வேணா குளி!" என்று கத்தினான். பிறகு வைரக்கண்ணு கையை உயர்த்தினார். எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வது போல இருந்தது. பகலவனிடம், இருப்பதிலேயே சின்ன கியரில், இடது பக்கமாக ஒடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழு என்று கையால் சொன்னார். கற்களை எடுக்கச் சொன்னார். வலது காலைத் தூக்கி ஒதுக்கி வைத்தார்; கையால் தூக்கித்தான் வைத்தார். இடது காலை இந்தப் பக்கம் கொண்டுவந்து, இடது மிதியை மட்டும் மிதித்தார்.

பகலவன் இழுத்தான். இடது பின்சக்கரம் நின்ற இடத்தில் நின்றது. வலது சக்கரம் மட்டும் உருண்டது. வண்டி அப்படியே இடது பக்கமாகச் சுழன்று, ஆகாயத்தில் நின்ற முன்சக்கரம் கரை விளிம்பில் உரசி, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு ரோட்டில் ஏறியது. வரப்போரத்தில் அவர் ஆயிரம் முறை செய்த வேலை அது. மினிபஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பகலவன் தன் பெட்டியிலிருந்து கட்டுக்கம்பி எடுத்து இரண்டு மிதியையும் சேர்த்துச் சுற்றி முறுக்கினான். "இத மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்று என்னிடம் சொன்னான். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. எல்லாவற்றையும் சோதித்தவருக்கும் தோன்றவில்லை. அந்த வண்டியில் அந்தப் பட்டை இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மீதித் தூரம் ஒரு குறையும் இல்லாமல் போனோம். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தார். அதன் கீழே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, கம்பியைக் கழற்றினோம். கூலி கொடுத்தபோது பகலவன் வாங்கவில்லை. "டாக்டரப் பாருங்க பெரியப்பா" என்று அவர் காலைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் அவர் காலைக் கழுவித் துணி கட்டினேன். கட்டும்போது வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதிக்குப் போன் போடுங்க கணக்கரே."

"என்ன சொல்லட்டும்?"

"வண்டி வந்து சேந்துடுச்சுன்னு சொல்லுங்க."

போட்டேன். மதிவதனி எடுத்தாள். வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்றேன்.

"ஜெயிச்சுட்டாரா?" என்றாள். "சரி மாமா. பேச்சு பேச்சுதான். நான் இனிமே கூப்புட மாட்டேன். மாத்திரைய மட்டும் ஒழுங்கா போடச் சொல்லுங்க."

அதை அவரிடம் சொன்னேன். போனில் அவள் காத்திருந்தாள். தெருவில் யாரோ ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"காலப் பத்தியும் சொல்லுங்க" என்றார்.

"சொல்லவேணாம்னா விட்டுடறேன். வண்டிதான் வந்துடுச்சே."

"சொல்லுங்க கணக்கரே. செருப்பு வுழுந்தது தெரியலைன்னு சொல்லுங்க. ரத்தம் வந்ததும் தெரியலை. தனியா இருக்குறவன் கால்ல என்ன குத்துனாலும் எவன் பாத்துச் சொல்லுவான்?"

சொன்னேன். இந்த முறையும் அவருடைய சத்தமான குரலை அவள் நேராகவே கேட்டிருப்பாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல், "வர்றேன் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூலை எட்டாம் தேதி வந்தாள். மறுநாள் அழைத்துக்கொண்டு போனாள். போவதற்கு முன் அவர் டிராக்டருக்கு நீலத் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டார். சாவியை என்னிடம் கொடுத்தார். "கால் ஆறிட்டா வந்துடுவேன். தீபாவளிக்குள்ள" என்றார். மதிவதனி வேறு பக்கம் பார்த்தாள். ஆட்டோவில் ஏறியபோது, வலது கால் படியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். வண்டி போன பிறகு காலையில் மில் பக்கம் யாரும் வருவதில்லை. பத்திரத்துக்கு முன்பே நானும் இடத்தைக் காலி செய்து, பாபநாசம் ரோட்டில் ஒரு அறைக்கு வந்துவிட்டிருந்தேன்.

போன் அவருக்குப் பயன்படாது என்பதால் கடிதம் எழுதினார். பென்சிலால், பெரிய எழுத்தாக. "கணக்கர் அவர்களுக்கு" என்று தொடங்குவார். முதல் கடிதத்தில் மூன்றாம் மாடியில் வீடு என்றும், எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள் என்றும் எழுதினார். அடுத்ததில், பேரன் பேசுவது புரியாததால் போனில் எழுதிக் காட்டுகிறான், அதையும் இங்கிலீஷில் எழுதுகிறான் என்றார். ஆகஸ்டில், "பெருவிரலை எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. கொஞ்சம் வலித்திருக்கலாம்" என்று எழுதினார். மழை பெய்ததா, சம்பா நட்டார்களா, தார்ப்பாய் கிழியவில்லையே என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். நான் போய்ப் பார்த்து எழுதுவேன். கேள்விக்கு ஒன்றாகப் பதில் எழுதுவேன்; வேறு என்ன எழுதுவது என்று தெரியாது. தீபாவளிக்கு வருகிறேன் என்றவர் பொங்கலுக்கு என்றார். பொங்கலுக்கும் வரவில்லை. கடிதங்களுக்கு நடுவே நாள் கூடிக்கொண்டே போனது.

கடைசிக் கடிதம் அரைப்பக்கம். பூட்டிக் கிடக்கிற வீடு கெட்டுப்போகும், நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார். வண்டியைப் பகலவன் எடுத்துக்கொள்ளட்டும், அவன் கொடுப்பதைக் கொடுக்கட்டும், இரும்புக்கு மட்டும் போடவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றும் இருந்தது. எப்போது வருகிறேன் என்பது அதில் இல்லை. இரண்டு வேலையையும் முடித்து விவரமாகப் பதில் எழுதினேன். அதற்குப் பதில் வராததால் இன்னொன்றும் எழுதினேன். மதிவதனி போனில், "நல்லா இருக்காரு மாமா, ஜன்னலாண்ட உக்காந்திருப்பாரு, எழுதச் சொன்னா என்னத்த எழுதன்னு கேக்குறாரு" என்றாள். அந்த அரைப்பக்கத்துக்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. அது என் கைக்கு வந்த தேதி 19-02-2024.